எங்கள் அம்மாவும் வயோமிங்கும்

அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களையும் நான் கையால் வெட்டியிருக்கிறேன். எது முதலில் சேர்ந்தது, எது கடைசியில் சேர்ந்தது, எதையெல்லாம் வாசலில் நிற்கவைத்துக் காயப்போட்டார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். பள்ளிக்கூடத்தில் வரலாற்றில் நான் எடுத்த மார்க்கை மட்டும் கேட்காதீர்கள். பாலிடெக்னிக்கில் ஒரு வருஷம் பெஞ்சைத் தேய்த்தேன், பெஞ்சு தேய்ந்ததே தவிர எனக்கு ஒன்றும் ஏறவில்லை.

தென்காசியில் ஒரு லேசர் கட்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறேன். முதலாளி சவூதியில் கிடந்துவிட்டு வந்து மெஷின் போட்டவர். நான் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவேன். புதுவீட்டுக்குப் பெயர்ப்பலகை, கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பொண்ணு பேர், சாவிக்கொத்து, இதுதான் எங்கள் பிழைப்பு. அவருடைய மச்சான் ஒருத்தர் அமெரிக்காவில் இருக்கிறார். அவர் மூலமாக ஒரு ஆர்டர் வந்தது. பிள்ளைகள் விளையாட மரத்தில் அமெரிக்க வரைபடம். ஒவ்வொரு மாநிலமும் தனித்தனித் துண்டு. துண்டின் மேலே, நாட்டில் அது எத்தனையாவதாகச் சேர்ந்தது என்கிற எண். பின்பக்கம், எப்படிச் சேர்ந்தது என்று இரண்டு வரி.

எண்களை வரிசைப்படி போடச் சொல்லிவிட்டு பாய் ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டார். நான் போட்டேன். இருப்பதிலேயே பெரிய துண்டு அலாஸ்கா. அதற்கு ஒன்று. அடுத்து டெக்சாஸ். அதற்கு இரண்டு. இப்படியே பெரிசிலிருந்து சிறிசு வரைக்கும் வந்து, கடைசியில் நகத்தளவு கிடந்ததற்கு ஐம்பது போட்டு முடித்தேன். எங்கள் ஊர்க் கோயிலில் முதல் மரியாதை பெரிய கைக்குத்தான். உலகம் முழுக்க அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

பாய் திரும்பி வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"ஏலே கோட்டி, அலாஸ்கா நாப்பத்தொம்பதாவது. ஒண்ணாவது எது தெரியுமா? டெலவேர்."

"டெலவேரா? அது எங்கன கெடக்கு?"

அவர் மேசையில் தேடினார். மரத்தூளுக்குள் கிடந்தது. நுனிவிரலால் எடுத்துக் காட்டினார். இந்த நுணுக்குதான் முதல் ஆளாம்.

"சாமான் சிறுசா இருந்தா என்னலே? மொதல்ல கையெழுத்துப் போட்டவன் அவன்லா" என்றார்.

அந்தப் பலகை எல்லாம் வீண். திட்டு வாங்கிக்கொண்டே புதுப் பலகை ஏற்றினேன். இந்தத் தடவை ஒவ்வொரு துண்டின் பின்பக்கத்தையும் போனில் படம் எடுத்துத் தமிழாக்கிப் படித்துவிட்டுத்தான் வெட்டினேன். படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் எரிச்சல் வந்தது. இது அமெரிக்கா மாதிரியே தெரியவில்லை. எங்கள் ஊர்க்கூட்டம் மாதிரி இருந்தது.

எங்கள் ஊர் இலஞ்சிக்கும் தென்காசிக்கும் நடுவில் இருக்கிறது. பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் இதற்கும் ஒரு கூட்டம் போடுவார்கள். பழைய ஊர் இரண்டு தெரு. மேலத்தெரு, கீழத்தெரு. எங்கள் தெரு, வயலை பிளாட் போட்டு விற்ற இடத்தில் பின்னால் முளைத்தது. எங்கள் அப்பா குற்றாலத்தில் வேன் ஓட்டிச் சேர்த்த காசில் தெருவின் முதல் வீட்டைக் கட்டினார். நான் பத்தாவது படிக்கும்போது நெஞ்சுவலியில் போய்விட்டார். அதற்கப்புறம் அம்மாதான். சீசனுக்குக் குற்றாலத்தில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்பாள். மற்ற நாளில் கிடைத்த வேலை.

ஊரில் கல்யாணமான ஆம்பளை ஒருத்தன் இருந்தால் அந்த வீடு ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டு என்றால் ஊருக்கு வரி கொடுக்கலாம், கூட்டத்தில் பேசலாம், வருஷத் திருவிழாவான கொடை நடக்கும்போது அம்மன் சப்பரம் அவன் வாசலில் நின்று தேங்காய் பழம் வாங்கிக்கொள்ளும். எங்கள் தெருவில் எந்த வீடும் தலைக்கட்டு இல்லை. எங்களிடமும் காசு வாங்குவார்கள், ஆனால் அதற்குப் பெயர் வரி இல்லை, நன்கொடை. வரி என்று வாங்கினால் பேச விட வேண்டும். நன்கொடை என்றால் கும்பிட்டுவிட்டுப் போய்விடலாம். சப்பரம் எங்கள் தெரு முனையில் இருக்கிற சின்னப் பாலம் வரைக்கும் வரும், அப்படியே திரும்பிவிடும். எங்கள் தெருப் பொம்பளைகள் பாலத்தடியில் தட்டோடு போய் நிற்பார்கள். ஏதோ பஸ் நிற்காதா என்று கை காட்டுகிற மாதிரி.

அதைப் பார்த்துத்தான் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"அம்மனுக்கு நம்ம தெரு தெரியாமலா கெடக்கு? இந்த ஆளுகதான் திருப்பிக் கொண்டுட்டுப் போறானுவ" என்றாள்.

அவள்தான் வீடு வீடாகப் போய்ப் பேசினாள். ஆம்பளைகளைக் கிளப்பினாள். பக்கத்து வீட்டில் ஆட்டோ ஓட்டுகிற ஒருவர் இருக்கிறார், நான் சித்தப்பா என்று கூப்பிடுவேன். அவரைத் தெருவுக்குத் தலைவராக்கி முன்னால் தள்ளிவிட்டதும் அம்மாதான். எங்கள் தெருவைத் தலைக்கட்டில் சேர்க்க வேண்டும் என்று ஊர்த்தலைவரிடம் அவர் போய்க் கேட்டார். தலைவர் இப்போது பேசலாம், அப்போது பேசலாம் என்று இழுத்தார். வருஷக்கணக்கில் இழுத்தார். இந்தத் தலைவர் யார் தெரியுமா? தென்காசியை நெல்லையிலிருந்து பிரித்துத் தனி மாவட்டம் ஆக்க வேண்டும் என்று கொடி பிடித்துக் கத்தினவர். ஆக்கினதும் பஜாரில் வெடி போட்டவர். தனக்கு வேண்டும் என்றால் உரிமை. நாங்கள் கேட்டால் அவசரம்.

ஏன் இழுத்தார் என்று எனக்கு மிசௌரித் துண்டை வெட்டும்போதுதான் புரிந்தது. இருநூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே அடிமை வைத்துக்கொள்கிற மாநிலங்கள் ஒரு கட்சி, வைத்துக்கொள்ளாத மாநிலங்கள் ஒரு கட்சி. இரண்டும் சம பலம். மிசௌரி அடிமை வைக்கிற பக்கம் சேரும் என்றதும் வைக்காத பக்கம் முடியாது என்று நின்றுவிட்டார்கள். கடைசியில் மெயின் என்று இன்னொன்றை வைக்காத பக்கத்துக்கு ஜோடி சேர்த்து, இரண்டையும் சேர்த்துத்தான் உள்ளே விட்டார்கள். எங்கள் ஊரும் அதேதான். தலைவர் மேலத்தெரு. எங்கள் தெரு கீழத்தெருவை ஒட்டிக் கிடக்கிறது. எங்களைச் சேர்த்தால் கீழத்தெருவுக்குக் கை கூடிவிடும், அடுத்த தலைவர் அங்கேதான். அதனால், மேலத்தெருப் பக்கம் ரைஸ்மில்லுக்குப் பின்னால் இன்னொரு புதுத்தெரு முளைத்து நிரம்புகிற வரைக்கும் எங்களை வெயிலில் நிற்கவைத்தார்கள். அது நிரம்பினதும் தலைவருக்கு எங்கள் மேல் திடீரென்று பாசம் பொங்கியது.

பாயிடம் சொன்னேன். அவர் மெஷினைத் துடைத்துக்கொண்டே, "உங்க ஊர்ல சேருததுக்கு அமெரிக்காவுல சேருதது லேசு போலயேலே" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோயில் முன்னால் கூட்டம். சாரல் தூறிக்கொண்டிருந்தது. எங்கள் தெரு ஆம்பளைகள் எல்லாரும் வெள்ளை வேட்டியில் போயிருந்தோம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, பேச உரிமை இல்லை. ஓரமாக நின்றேன். பொம்பளைகள் வரக் கூடாது. அத்தனைக்கும் காரணமான என் அம்மா வீட்டில் இருந்தாள்.

தலைவர் இரண்டு புதுத்தெருவையும் ஒன்றாகத் தலைக்கட்டில் சேர்க்கப் போவதாகச் சொன்னார். கைதட்டினார்கள். அப்புறம் தொண்டையைச் செருமினார்.

"ஒரு காரியம். ஆம்பள இல்லாத வீட்ட தலைக்கட்டுல சேக்க வழியில்ல. பழைய ஊர்ல புருசன் செத்தவளுக்கு அரைத் தலைக்கட்டு உண்டு. அது ஏன்னா, அவ புருசன் உயிரோட இருக்கையில முழுத் தலைக்கட்டா இருந்தான். புதுத்தெருவுல அப்பிடிக் கெடையாதுல்லா?"

அப்படிப்பட்ட வீடு எங்கள் தெருவில் ஒன்றே ஒன்றுதான். எங்கள் வீடு. உயிரோடு இருந்தவரைக்கும் என் அப்பாவைச் சேர்க்கவில்லை. சேர்க்காததையே காரணமாக்கி இப்போது அம்மாவை அரையாகக்கூட எண்ண மாட்டார்களாம். அந்த அமெரிக்காக்காரர்கள்கூட மாநிலத்துக்கு ஆள்கணக்கு எடுக்கும்போது அடிமையை ஐந்தில் மூன்று பங்கு ஆளாக எண்ணினார்கள். அதுவும் அடிமைக்காக இல்லை, எஜமானின் பலத்தைக் கூட்டுவதற்காக. அயோக்கியத்தனம்தான். ஆனால் எங்கள் ஊர்க்கணக்கு அதையும் தாண்டிவிட்டது. என் அம்மா பூஜ்ஜியம்.

நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் வேட்டி நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேசுங்க சித்தப்பா."

"பைய பேசுவோம்லே. மொதல்ல நாம உள்ள போயிருவோம். போன பொறவு அக்காவச் சேத்துக்கிடலாம்."

"உள்ள போன பொறவு ஒமக்கு அக்கா ஞாவகம் இருக்குமா?"

"சத்தம் போடாத. எல்லாரும் பாக்காவ."

பார்க்கட்டும் என்றுதான் நான் நடுவில் போய் நின்றேன்.

"அண்ணாச்சி, அமெரிக்காவுல வயோமிங்னு ஒரு எடம் இருக்கு. அந்தக் காலத்துலயே அங்கன பொம்பளைகளுக்கு ஓட்டு உண்டு, மத்த எடத்துல கெடையாது. மாநிலமாச் சேருததுன்னா அந்த ஓட்ட ரத்து பண்ணிட்டு வான்னு சில பேரு சொன்னானுவ. எங்க பொம்பளைகள விட்டுட்டு வரமாட்டோம், நூறு வருசம்னாலும் வெளிய நிக்கோம்னு அவனுவ சொன்னதாச் சொல்லுதாவ. கடைசில பொம்பளை ஓட்டோடயே சேத்துக்கிட்டாவளா இல்லையா?"

கீழத்தெருவில் ஒருத்தன் கேட்டான்: "வயோமிங்குல அம்மன் கொடை எந்த மாசம்டே?"

கோயிலே சிரித்தது. என் தெரு ஆட்களும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். நான் ஊரில் எல்லாரையும் கிண்டல் பண்ணித் திரிகிறவன், ஒரு நாள் எனக்குத் திருப்பி விழும் என்று தெரியும். ஆனால் அன்றைக்கு விழுந்தது என் மேல் இல்லை, அம்மா மேல். அதனால்தான் எரிந்தது.

"கல்யாணம் ஆகாத பய கூட்டத்துல பேசப்பிடாது" என்றார் தலைவர். "நீ ஒரு பொண்ணப் பாரு. தாலி கட்டுன அன்னைக்கே ஒன் பேர நானே சேக்கேன்."

எங்கள் தெருவில் சம்மதம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். எல்லாக் கையும் மேலே போனது. சித்தப்பா கை கொஞ்சம் தாமதமாகப் போனது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தினேன். நீ தூக்கிவிட்ட ஆளுகள் உன்னையே மிதித்துவிட்டுப் போய்விட்டார்கள் என்றேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"சப்பரம் தெருவுக்குள்ள வருதா?"

"வருது."

"பொறவு ஏம்லே தொண்டையக் கிழிக்க?"

அவளுக்குக் கோபம் வரவில்லை என்று எனக்கு இன்னும் கோபம் வந்தது.

கொடை அன்றைக்கு, வெளிச்சம் இருக்கும்போதே சப்பரம் புறப்பட்டது. முதல் தடவையாகப் பாலத்தைத் தாண்டி எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. மேளம் காதைக் கிழித்தது. தெரு முழுக்கக் கோலம், வாழைமரம். முதல் வீடு எங்களுடையது. அம்மா தட்டோடு வாசலில் நின்றாள். தேங்காய், பழம், பூ, சூடம், எல்லாம் இருந்தது. பூசாரி எங்கள் வாசலில் கால் தயங்கினார். தலைவர் பின்னாலிருந்து, "நிக்காதிய, அடுத்த வீடு" என்றார். சப்பரம் அவளைத் தாண்டிப் போய் சித்தப்பா வாசலில் நின்றது. சித்தி தட்டை நீட்டும்போது எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

எங்கள் தெருவுக்கு மறுபக்கம் வழி கிடையாது. உள்ளே போன சப்பரம் அதே வழியாகத்தான் வெளியே வர வேண்டும். இதை ஊர்த்தலைவர் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. அம்மா யோசித்திருக்கிறாள்.

அது கடைசி வீட்டில் திரும்பும்போது அம்மா நடுரோட்டில் இறங்கினாள். பாலத்துக் கல்லில் தேங்காயை ஒரே அடி அடித்தாள். இரண்டாக விழுந்தது. வாழையிலையைத் தரையில் விரித்து இரண்டு மூடியையும் பழத்தையும் வைத்தாள். அதற்கு முன்னால் சூடத்தை வைத்துக் கொளுத்தினாள். கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள்.

சப்பரம் வந்தது. வந்து நின்றது. அம்மனுக்கு என்று கொளுத்தின சூடத்தைத் தாண்டிக் கால் வைக்க எங்கள் ஊரில் ஒருத்தனுக்கும் துணிச்சல் கிடையாது. குடித்துவிட்டு வந்தவன்கூடச் சுற்றித்தான் போவான். அந்தச் சின்ன ரோட்டில் சப்பரம் சுற்றிப் போக இடம் ஏது? சூடம் தானாக அணைகிற வரைக்கும் நின்றாக வேண்டும்.

"யாரு நடுரோட்டுல பொருத்துனது?" என்று தலைவர் முன்னால் வந்தார்.

"நாந்தான் அண்ணாச்சி" என்றாள் அம்மா.

"அத அணைங்கலே!"

யாரும் அசையவில்லை.

"நீங்களே அணைங்க அண்ணாச்சி" என்றேன் நான். "சும்மா ஊதுங்க. பிறந்தநாள் கேக்குக்கு ஊதுவியள்லா?"

அவர் என்னை முறைத்தார். ஊதவில்லை. எனக்கு அப்போதுதான் புத்தி வேலை செய்தது. வீட்டுக்குள் ஓடி அலமாரியில் இருந்த சூட டப்பாவை எடுத்து வந்தேன். முதல் சூடம் அணையப் போகும்போது இன்னொன்றைப் போட்டேன். அது அடங்கும்போது அடுத்தது. சப்பரம் தூக்கினவர்களுக்குத் தோள் வலித்தது. ஒருத்தன், "ஏலே, போதும்லே, செத்தேன்" என்று முனகினான்.

"ஒங்க ஊர்க்கணக்குப்படி இந்த வீடே இங்க கெடையாதுல்லா. இல்லாத வீட்டுக்கு முன்னால ஏம்டே நிக்கிய? நடந்து போங்க" என்றேன்.

சித்தி அவள் வீட்டிலிருந்து வந்தாள். முகத்தில் சிரிப்பில்லை. தன் தட்டில் மிச்சமிருந்த சூடத்தை எடுத்து நெருப்பில் போட்டுவிட்டு அம்மா பக்கத்தில் நின்றாள். சித்தப்பா, "ஏட்டி, வீட்டுக்கு வா" என்றார். அவள், "ஒம்ம சோலியப் பாரும்" என்றாள். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். மற்றவர்கள் வரவில்லை. எல்லாரும் வந்தார்கள் என்று எழுதினால் நன்றாக இருக்கும், வரவில்லை.

நின்று நின்று பூசாரிக்கே அலுத்துவிட்டது போல. தட்டில் இருந்த திருநீற்றை எடுத்து அம்மா நெற்றியில் பூசிவிட்டார். நீட்டின நெற்றியில் பூசிப் பழகின கை. தலைவர் பல்லைக் கடித்தது எனக்குக் கேட்டது. அம்மா, "போதும்லே, அம்மன் காத்துக்கிட்டு நிக்கா" என்று என் கையிலிருந்து டப்பாவை வாங்கிக்கொண்டாள். சூடம் அணைந்தது. சப்பரம் போனது.

மறுவாரம் தலைவர் வீட்டுக்கு வந்தார். அபராதம் போட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். தலைக்கட்டே இல்லாத வீட்டுக்கு எப்படி அபராதம் போடுவார்? அதுவும் அவருக்குத் தெரிந்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து ரொம்ப நயமாகப் பேசினார். அம்மா டீ கொடுத்தாள்.

"நடந்தது நடந்துபோச்சு. நீங்க இவனுக்குச் சீக்கிரம் ஒரு பொண்ணப் பாருங்க. ஊர்ல தலைக்கட்டு உண்டுமான்னுதான் பொண்ணு வீட்டுக்காரன் மொதல்ல கேப்பான். உண்டுன்னு சொல்லுங்க, நான் பொறுப்பு. கல்யாணம் முடியட்டும், இவன் பேரு ஏறிரும். பொறவு சப்பரம் ஒங்க வாசல்ல நிக்கும். இந்தச் சூட வேலையெல்லாம் வேண்டாம்."

நேற்று மீசை முளைத்த எனக்கு முழுத் தலைக்கட்டு. இந்த வீட்டைத் தூக்கி நிறுத்தினவள் என் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு தட்டை நீட்ட வேண்டும். நான் வாயைத் திறக்கிறதுக்குள் அம்மா பேசிவிட்டாள். அவள் சரி என்று சொல்லிவிடுவாள் என்றுதான் பயந்தேன். எனக்குப் பெண் கிடைக்க வேண்டும் என்று அவள் கோயில் கோயிலாக ஏறி இறங்குகிறவள்.

"அண்ணாச்சி, இவன் பேர ஏத்துங்க. வேண்டாங்கல. அதுக்கு முன்னால என் பேர எழுதுங்க."

"அது வழக்கம் இல்லியேம்மா."

"வழக்கம் இல்லாமத்தான் எங்க தெருவையும் சேத்திருக்கிய. இந்த வீடு அவனுக்குக் கல்யாணம் ஆனாத்தான் வீடுன்னா, இத்தன நாளும் நான் எதுக்குள்ள கெடந்தேன்?"

தலைவர் என்னைப் பார்த்தார். ஆம்பளை நீயாவது சொல்லு என்கிற பார்வை.

"எனக்கு வேண்டாம் அண்ணாச்சி. அவளுக்குப் போட்டுட்டு எனக்குப் போடுங்க. இல்லன்னா ரெண்டு பேரும் வெளியவே கெடக்கோம்" என்றேன். விளையாட்டாக ஏதாவது சேர்த்துச் சொல்லலாம் என்று பார்த்தேன், ஒன்றும் வரவில்லை.

அவர் எழுந்து போய்விட்டார். இன்று வரைக்கும் எழுதவில்லை. ஊர்க்கூட்டத்தில் எங்கள் தெரு ஆம்பளைகள் முன்வரிசையில் உட்காருகிறார்கள். உள்ளே போய்ப் பேசிச் சேர்த்துக்கிடலாம் என்ற சித்தப்பா, உள்ளே போனதிலிருந்து அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கேட்டால் அடுத்த கூட்டம் என்கிறார். அமெரிக்காவுக்குக் கீழே போர்ட்டோ ரிக்கோ என்று ஒரு தீவு, அதற்கு என் பட்டறையில் துண்டே கிடையாது. அங்கே இருக்கிறவர்களும் அந்த நாட்டுக்காரர்கள்தான், ஆனால் தீவை இன்னும் மாநிலமாகச் சேர்க்கவில்லை. அவர்களுக்கும் அடுத்த கூட்டம்தான்.

பெண் வீட்டார் இரண்டு பேர் வந்து கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். போன மாதம் சுரண்டையிலிருந்து தரகர் போன் பண்ணினார்.

"தம்பி, நல்ல எடம். ஊர்ல ஒங்களுக்குத் தலைக்கட்டு உண்டுமான்னு கேக்காவ. என்ன சொல்லட்டும்?"

"கெடையாதுன்னு சொல்லுங்க. எங்கம்மா இருக்கா, அவள வந்து பாக்கச் சொல்லுங்க" என்றேன்.